பூண்டி யுனைடெட் லாபம் பார்க்குமா?

உங்களிடம் நூறு கோடி ரூபாய் சும்மா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (சிரிக்காதீர்கள், ஸார். கற்பனைக்கு வருமான வரி கிடையாது.) என்ன செய்வீர்கள்? பாங்க்கில் போடலாம். நிலம் வாங்கலாம். நிஜமாகவே சும்மா கிடக்கும் பணம் என்றால் சினிமாகூட எடுக்கலாம். இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஒரு கால்பந்து கிளப் வாங்கலாம்.

நம்மூரிலேயே ஆள் இருக்கிறார்கள். நடிகர் அபிஷேக் பச்சன், தொழிலதிபர் வீட்டா தானி, ‘தல’ தோனி மூவரும் சேர்ந்து 2014-ல் தொடங்கியதுதான் ‘சென்னையின் எஃப்.சி.’ 2015-ல் கோவாவைக் கோவாவிலேயே 3-2 என்று வென்று சாம்பியன். 2018 மார்ச்சில் பெங்களூருவைப் பெங்களூருவிலேயே அதே 3-2. பேப்பரில் படம் வந்தது. கப்பைத் தூக்கினார்கள். ஜரிகைக் காகிதம் பறந்தது.

எல்லாம் சரி. கடைசியில் கையில் என்ன மிஞ்சியது?

பி.காம். படித்தவனோடு இதுதான் தொல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, இலைக்கு எவ்வளவு விழும் என்று மனசுக்குள் கணக்கு ஓடும். கால்பந்து கிளப் நடத்தி லாபம் பார்க்க முடியுமா? வாருங்கள், நோட்டைப் பிரிப்போம்.

முதலில் ஒரு சின்ன கிளப்

பெரிய கணக்கில் இறங்குவதற்கு முன்னால் சின்னதாக ஒன்று போட்டுப் பார்ப்போம். எங்கள் ஊரிலேயே ஆரம்பிக்கலாம்.

கொடைக்கானலுக்கு வந்து ஏரியில் படகு விட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிப் போகிறவர்களுக்குப் பூண்டியைத் தெரியாது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று வளைந்து வளைந்து போனால் மேல்மலையில் எங்கள் ஊர். எங்களுக்கு அப்பால் கிளாவரை. அதோடு ரோடு, ‘போதும்டா சாமி’ என்று நின்றுவிடும். ஊர்ப் பெயர் பூண்டி, காட்டில் விளைவது பூண்டு. புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு, ஸார்! கூடவே உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். சமதளமாக ஒரு துண்டு நிலம் கிடைத்தால் அதில் முதலில் கிழங்கு போடுவார்கள். பந்து விளையாடுவது அப்புறம்தான். சரிவில் ஓங்கி உதைத்தால் பந்தை எடுத்துவர ஒரு ஆளும், அந்த ஆளைத் தேடிவர இன்னொரு ஆளும் அனுப்ப வேண்டும்.

இங்கே ‘பூண்டி யுனைடெட்’ என்று ஒரு தொழில்முறை அணி ஆரம்பிக்கிறோம். எல்லாம் நானாகப் போட்ட உத்தேசக் கணக்குதான். ஆனால் கஞ்சத்தனமாகத்தான் போட்டிருக்கிறேன்.

ஆட்டக்காரர்கள் 22 பேர், மாதம் 20,000, பத்து மாதம்: 44 லட்சம்.
கோச், உதவி கோச், பிசியோ: 12 லட்சம்.
25 பேருக்குச் சாப்பாடு, தங்குமிடம், தலைக்கு நாளுக்கு 300 ரூபாய், 300 நாள்: 22.5 லட்சம்.
வெளியூர் ஆட்டங்களுக்கு வேன், லாட்ஜ்: 10 லட்சம்.
மைதானம், பந்து, பூட்ஸ், டாக்டர்: 6.5 லட்சம்.
ஆகமொத்தம் செலவு: 95 லட்சம்.

இப்போது வரவு. உள்ளூரில் பத்து ஆட்டம், ஆட்டத்துக்கு 500 பேர், டிக்கெட் 50 ரூபாய்: 2.5 லட்சம். (மேல்மலையில் டிக்கெட் வாங்காமலே மேட்ச் பார்க்க மேடான இடம் எத்தனை இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.) உரக்கடை, பூண்டு மண்டி, ஜீப் ஸ்டாண்டு என்று பத்து விளம்பரப் பலகை, தலா 50,000: 5 லட்சம். பனியன் 300 விற்று, ஒன்றுக்கு 150 ரூபாய் நின்றால்: 45,000. மொத்தம் எட்டு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நஷ்டம்: 87 லட்சம்.

இந்தக் கணக்கை ஊரில் ஒரு பூண்டு விவசாயியிடம் காட்டினேன். அவர் பீடியை எடுத்துக் காதில் சொருகிக்கொண்டு கேட்டார்: “ஏந்தம்பி, 87 லட்சத்துக்கு வடுகபட்டிச் சந்தையில வெதப்பூண்டு வாங்குனா எத்தன ஏக்கருக்கு ஆகும்? அது மொளைக்கவாவது செய்யும்ல?”

“சின்ன கிளப் என்பதால் அப்படி, பெரிய கிளப் என்றால் பணம் கொட்டும்” என்று நீங்கள் சொல்லலாம். அதையும் பார்த்துவிடுவோம்.

எதிராளி இல்லாமல் கடை இல்லை

விளையாட்டு வியாபாரத்துக்கும் மற்ற வியாபாரத்துக்கும் இரண்டு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஒன்று: நீங்கள் ஜவுளிக்கடை வைத்திருக்கிறீர்கள். எதிர்க்கடைக்காரர் இழுத்து மூடினால் உங்களுக்கு அன்றைக்கு ஸ்பெஷல் காபி. கால்பந்தில் எதிர்க்கடை மூடினால் உங்கள் கடையும் மூட வேண்டியதுதான். தனியாக யாரோடு ஆடுவீர்கள்? எதிராளியை ஜெயிக்கவும் வேண்டும், அவன் நன்றாக இருக்கவும் வேண்டும். மாமியார் மருமகள் உறவு மாதிரி.

இரண்டு: என் காட்டில் நல்ல உரம் போட்டு நல்ல மகசூல் எடுத்தால் பக்கத்துக் காட்டு மகசூல் குறையாது. லீகில் அப்படி இல்லை. 14 அணிகள் ஆடினால் ஒருத்தர்தான் முதலிடம். அந்த ஒரு இடத்துக்காக நான் ஒரு ஸ்ட்ரைக்கருக்கு ஒரு கோடி கூடுதலாகத் தருகிறேன். நீங்கள் இரண்டு கோடி தருகிறீர்கள். மூன்றாமவர் கடன் வாங்கி நான்கு கோடி. கடைசியில் எல்லாரும் பழைய இடத்திலேயே நிற்கிறோம். சம்பளச் செலவு மட்டும் ஏறிவிட்டது. இதனால்தான் கிளப்புக்கு எவ்வளவு வருமானம் வந்தாலும் அது அப்படியே வழிந்து ஆட்டக்காரர் கால் பக்கம் போய்விடுகிறது.

நம்ப முடியவில்லையா? இங்கிலாந்தின் இரண்டாவது டிவிஷனுக்குச் சாம்பியன்ஷிப் என்று பெயர். அதில் 2018-19 சீசனில் கிளப்புகளின் மொத்த வருமானம் 100 ரூபாய் என்றால், சம்பளத்துக்கு மட்டுமே 107 ரூபாய் போயிருக்கிறது. கரண்ட் பில், புல் வெட்டும் செலவெல்லாம் அப்புறம்! ஏன் இப்படி? மேலே பிரிமியர் லீக். அங்கே ஏறிவிட்டால் டி.வி. பணம் மழையாகக் கொட்டும். அந்த ஒரு ஏணிக்காகக் கீழே இருப்பவர்கள் வீட்டை அடகு வைத்து ஆடுகிறார்கள். மேலே ஏறுவது வருடத்துக்கு மூன்றே பேர். பாக்கிப் பேரிடம் மிஞ்சுவது அடகுச் சீட்டு.

அதே தோனி, வேறே கணக்கு

சரி, நம்மூருக்கு வருவோம். சென்னையில் தோனிக்குச் சம்பந்தப்பட்ட அணி இரண்டு. ஒன்று மஞ்சள், இன்னொன்று நீலம்.

மஞ்சள் அணியை 2008-ல் இந்தியா சிமென்ட்ஸ் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கியபோது, ‘சிமென்ட் கம்பெனிக்கு ஏன் இந்த வேலை’ என்று கேட்டவர்கள் உண்டு. இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. ஐ.பி.எல். போட்டிகளை டி.வி.யிலும் செல்போனிலும் காட்டும் உரிமை 2023 முதல் 2027 வரை ஐந்து வருடத்துக்கு 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. 410 ஆட்டம் என்று போட்ட கணக்கில், ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 118 கோடி. அதில் ஒரு பெரிய பங்கு அணிகளுக்குப் பிரிகிறது. மைதானத்தில் ஒரு ஈ காக்கா வராவிட்டாலும் பணம் வந்துவிடும்.

நீல அணி? 2010-ல் இந்தியக் கால்பந்தின் வணிக உரிமை முழுவதையும் சம்மேளனம் 15 வருடத்துக்கு ஒரு ரிலையன்ஸ் கூட்டுக்குக் கொடுத்தது. தொகை 700 கோடி. அதாவது வருடத்துக்குச் சராசரி 47 கோடி. இரண்டும் ஒரே மாதிரி ஒப்பந்தம் இல்லைதான். ஆனால் கிரிக்கெட்டின் ஒரே ஒரு சாயங்காலம், கால்பந்தின் இரண்டரை வருஷம் என்றால் நிலைமை புரியும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ரசிகர் எண்ணிக்கை ஒரு காரணம். இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது. கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒருமுறை சோப்பு விளம்பரம் போடலாம். விக்கெட் விழுந்தால் பனியன், மூன்றாவது அம்பயர் யோசித்தால் பான் மசாலா. கால்பந்தில் விசில் ஊதினால் 45 நிமிஷம் மூச்சு விட முடியாது. ரசிகனுக்கு அது சொர்க்கம். விளம்பரக் கம்பெனிக்கு அது விரதம்.

போதாக்குறைக்கு, ஐ.எஸ்.எல். கிளப்புகள் ஆரம்ப காலத்தில் லீகில் இருப்பதற்கே வருடத்துக்குப் பத்துக் கோடிக்கு மேல் கட்டணம் கட்டின. 2020-21 சீசனில் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 16.5 கோடி. 2021-22-ல் சாம்பியன் பரிசு 6 கோடி. அதாவது உச்சவரம்பு அளவுக்குச் சம்பளம் கொடுத்துக் கப்பையும் ஜெயித்த அணிக்குப் பரிசுப் பணம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும். அவ்வளவுதான். முதல் பரிசு வாங்கிய பையனிடம் ஸ்கூல் பீஸ் பாக்கி கேட்பது போல.

கோயமுத்தூரில் ஒரு சனிக்கிழமை

நீல அணியையாவது எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து இந்தியாவின் ஐ-லீக் சாம்பியன் ஆன இன்னொரு அணியைப் பற்றி ஆபீஸில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேருக்குத் தெரிந்தால் அதிகம்.

சென்னை சிட்டி எஃப்.சி. பெயர் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9, கடைசி நாள் ஆட்டம். இங்கே மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் கோப்பை. தவறினால் ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். மினர்வா முதல் கோலைப் போட்டுவிட்டது. அப்புறம் நம் பையன்கள் திருப்பி 3-1. ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசத்தில் சாம்பியன்! சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். பெட்ரோ மான்ஸி அந்த சீசனில் 21 கோல். எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள் அணியில் பலர்.

பரிசு ஒரு கோடி ரூபாய்.

அதே 2019-ல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல், சென்னை சிட்டியில் 26 சதவிகிதப் பங்கு வாங்கியது. பாசெல் என்றால் சாதாரண ஆள் இல்லை. எகிப்திலிருந்து வந்த முகமது சாலா என்ற பையனை வளர்த்து 2014-ல் செல்ஸிக்கு விற்ற கிளப். ‘இளசாக வாங்கு, வளர்த்து விற்றுவிடு’ என்பது அவர்கள் தொழில். நம் கோவைப் பையன்களில் ஒரு சாலா கிடைக்க மாட்டானா என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கணக்கும் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு? 2020 தொடக்கத்தில் மான்ஸி ஜப்பானுக்குப் போனார். கொரோனா வந்தது. அணி கலைந்தது. 2020-21-க்கு அப்புறம் ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. சாம்பியன் ஆனதிலிருந்து காணாமல் போவதற்கு மூன்று வருடம்கூட ஆகவில்லை.

இது சென்னை சிட்டிக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. இந்தியாவின் முதல் முழுநேரத் தொழில்முறை கிளப் என்று 1997-ல் பிறந்தது எஃப்.சி. கொச்சின். பிறந்த வருடமே டூரண்ட் கோப்பை. நம்மூர் ராமன் விஜயன் அங்கே ஆடி, 1997-98 தேசிய லீகில் அதிக கோல் அடித்தார். 2002-ல் கிளப் மூடியாகிவிட்டது. 2005-06 தேசிய லீக் சாம்பியன் மஹிந்திரா யுனைடெட், 2010-ல் மூடல். முதல் தேசிய லீகின் சாம்பியன் ஜே.சி.டி., 2011-ல் மூடல். எஃப்.சி. புனே சிட்டி, 2014-ல் பிறந்து 2019-ல் மறைவு. கவனித்தீர்களா? தோற்றவர்கள் மட்டும் மூடவில்லை. ஜெயித்தவர்களும் மூடியிருக்கிறார்கள். கோப்பை ஜெயிப்பதும் கடையை நடத்துவதும் வேறே வேறே வித்தை.

கோழியும் பந்தும்

‘இந்தியாவில் இந்தியர் நடத்தினால் அப்படி. இங்கிலாந்தில் நடத்தினால்?’ அதையும் செய்து பார்த்துவிட்டார்கள்.

புனேயின் கோழிக் கம்பெனி வெங்கீஸ், 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை 2 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 1995-ல் பிரிமியர் லீக் ஜெயித்த பழம்பெரும் கிளப். ஆட்டக்காரர்கள் டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து கோழிக்கால் கடிக்கிற மாதிரி ஒரு விளம்பரப் படம்கூட எடுத்தார்கள். 2012 மே மாதம் அணி பிரிமியர் லீகை விட்டுக் கீழே விழுந்த அன்று, ரசிகர்கள் மைதானத்துக்குள் நிஜக் கோழி ஒன்றை விட்டார்கள். கிளப் கொடியைப் போர்த்திக்கொண்டு அது உலாவியது. 2017-ல் இன்னொரு படி கீழே இறங்கி, மறுவருடம் ஒரு படி ஏறினார்கள். வருடா வருடம் நஷ்டத்தை ஈடுகட்டப் பணம் இங்கிருந்து போய்க்கொண்டே இருந்தது.

லண்டனில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் என்று ஒரு கிளப். அதன் பெரும் பங்குதாரர் பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவீர்கள்: ரூபன் ஞானலிங்கம்! மலேசியாவில் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகம் நடத்தும் குடும்பம். ஏர் ஏஷியா டோனி பெர்னாண்டஸுடன் இந்தக் கிளப்பில் நுழைந்தவர். கிளப் 2013-ல் விழுந்து, 2014-ல் எழுந்து, 2015-ல் மறுபடி விழுந்தது. வருமானத்துக்கு மேல் செலவு செய்தார்கள் என்று லீக் வழக்குப் போட, 2018-ல் சுமார் 4 கோடியே 20 லட்சம் பவுண்டு அளவுக்கு ஓர் உடன்பாட்டில் முடிந்தது. அதில் அபராதம் ஒரு பங்கு. உரிமையாளர்கள் கொடுத்த கடனை ‘இனி திருப்பிக் கேட்க மாட்டோம்’ என்று பங்காக மாற்றியது இன்னொரு பங்கு. பெர்னாண்டஸ் 2023-ல் விலகிவிட்டார். துறைமுகக்காரர் நின்றார். கப்பல் எத்தனை நாள் தாமதமாக வந்தாலும் காத்திருந்து பழக்கம் போலிருக்கிறது!

அப்படியானால் லாபமே இல்லையா?

இருக்கிறது. மூன்று வழி. மூன்றும் டிக்கெட் கவுன்டர் பக்கம் இல்லை.

முதல் வழி, வாங்கி விற்பது. ரஷ்யப் பணக்காரர் அப்ரமோவிச் 2003-ல் செல்ஸியைக் கடனோடு சேர்த்துச் சுமார் 14 கோடி பவுண்டுக்கு வாங்கினார். 2022-ல் விற்ற விலை 250 கோடி பவுண்டு. அடேயப்பா என்கிறீர்களா? இடையில் அவர் கிளப்புக்குக் கொடுத்து, திரும்பக் கேட்காமல் விட்ட கடன் 150 கோடி. விற்ற பணமாவது கைக்கு வந்ததா? உக்ரைன் போரால் அரசாங்கம் அதை முடக்கிவிட்டது.

இரண்டாவது வழி, அடுத்தவர் பணத்தில் வாங்குவது. அமெரிக்கக் கிளேசர் குடும்பம் 2005-ல் மான்செஸ்டர் யுனைடெடை 79 கோடி பவுண்டுக்கு வாங்கியது. பெரும்பகுதி கடன். அந்தக் கடனைக் கிளப் தலையிலேயே ஏற்றினார்கள். வீட்டை வாங்கிவிட்டு, அதன் இ.எம்.ஐ.யை வீட்டில் குடியிருப்பவரைக் கட்டச் சொல்வது மாதிரி. 2012-ல் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனார்கள். 2024-ல் கால் பங்குக்குச் சற்று மேல் விற்றதிலேயே போட்ட விலைக்கு மேல் பெறுமானம். லாபம்தான். ரசிகர்கள் இருபது வருஷமாகக் கோஷம் போட்டுக்கொண்டிருப்பது தனி விஷயம்.

மூன்றாவது வழி, பையன்களை வளர்த்து விற்பது. இதில் ஒரு கணக்குச் சூட்சுமம் இருக்கிறது. பத்துக் கோடிக்கு ஓர் ஆட்டக்காரரை ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால், புத்தகத்தில் வருடத்துக்கு இரண்டு கோடி தேய்மானம். ஆமாம், லாரிக்குப் போடுவது போல! ஆனால் சொந்த ஊர்ப் பையனை எட்டு வயதிலிருந்து வளர்த்தால் புத்தகத்தில் அவன் விலை பூஜ்யம். விற்றால் வருவது முழுக்க லாபம். பாசெல் போன்ற கிளப்புகள் பிழைப்பது இதனால்தான். ஆனால் ஒரு சாலா முளைக்க எத்தனையோ விதை போட வேண்டும். பத்து வருஷம் தண்ணீர் ஊற்றவும் வேண்டும். எங்கள் ஊர்ப் பூண்டுக்கு அந்தப் பொறுமை தேவையில்லை.

மண்டகப்படிக்காரர்கள்

இவ்வளவு நஷ்டம் தெரிந்தும் ஏன் வாங்குகிறார்கள்? பணக்காரர்கள் முட்டாள்களா?

பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் தேரோட்டத்துக்கு வந்து பாருங்கள். எந்தக் கோயில் திருவிழாவிலும் மண்டகப்படிக்காரர் ஒருவர் இருப்பார். செலவு அவருடையது. ‘இதில் என்ன சார் லாபம்’ என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. பரிவட்டம், முதல் மரியாதை, ‘இன்னார் உபயம்’ என்று மைக்கில் ஒரு வரி. அது போதும். கால்பந்து கிளப் உரிமையாளரும் ஒருவிதத்தில் மண்டகப்படிக்காரர்தான். ஊருக்கு ஒரு கொண்டாட்டம், அவருக்கு ஒரு மரியாதை, கம்பெனிக்கு ஒரு விளம்பரம். அதில் தப்பே இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மண்டகப்படிக்காரர் அடுத்த வருஷம் வரவில்லை என்றால் ஒரு நாள் சுண்டல் குறையும். கிளப்காரர் வரவில்லை என்றால் முப்பது குடும்பத்தில் சோறு குறையும்.

2025-ல் அதைத்தான் பார்த்தோம். அந்த 15 வருட ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாததால் ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. ஆட்டக்காரர்கள், ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. நம் சென்னையின் எஃப்.சி.யும் நடவடிக்கைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. உரிமையை ஏலம் விடச் சம்மேளனம் டெண்டர் விட்டது. நவம்பர் கடைசித் தேதிவரை ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. ஒருவழியாக 2026 பிப்ரவரியில், ஆட்டங்களைக் குறைத்துத்தான் லீகை ஆரம்பிக்க முடிந்தது.

கால்பந்து ஆட்டக்காரனுக்கு வேலை செய்யும் வயது ரொம்பக் குறைவு, ஸார். 33 வயதில் நம்மைப் போன்ற ஆபீஸ்காரர்கள் முதல் ப்ரமோஷன் எப்போது என்று காத்திருப்போம். அந்த வயதில் அவன் ரிடையர் ஆகிவிடுகிறான். பிராவிடண்ட் ஃபண்ட் பாஸ்புக்கைப் பார்த்து ஆறுதல் அடைய வழியில்லை. அப்படிப்பட்டவனுக்கு எட்டு மாசம் வீணாய்ப் போவது எவ்வளவு பெரிய விஷயம்!

இந்த இடத்தில் பழைய ஏற்பாடு ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. சென்னை லீகில் இந்தியன் பாங்க், ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, கஸ்டம்ஸ், வருமான வரி, ஏ.ஜி.எஸ். ஆபீஸ் என்று அணிகள். இந்தியன் பாங்க் தேசிய லீக்வரை போய் ஆடிய அணி. காலையில் கையெழுத்து, மதியம் பிராக்டீஸ், முழங்கால் போனால் கவுன்டரில் கேஷியர். பந்தை உதைத்த காலுக்குப் பென்ஷன் வந்தது. எந்த பாங்க் சேர்மனும் ‘கால்பந்து டிவிஷன் லாபமா?’ என்று கேட்டதில்லை. கோடி ரூபாய் ஒப்பந்தம் அங்கே கிடையாது, டி.வி.யில் முகம் வராது. ஆனால் ஒன்றாம் தேதி என்றால் சம்பளம்.

அதற்காகப் பழைய காலத்துக்கே திரும்பிவிடலாம் என்று சொல்ல வரவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைகள் முன்போல இல்லை. தொழில்முறை கிளப் வந்ததால்தான் ஒரு தமிழ்நாட்டுப் பையன் நல்ல கோச்சிடம் பழகுகிறான், ஒரு சீசனில் அப்பா பத்து வருஷம் பார்த்த பணத்தைப் பார்க்கிறான். அது நிலைக்க வேண்டும். அவ்வளவுதான் கேள்வி.

சீட்டுக் கம்பெனிப் பாடம்

நிலைக்க வழி இருக்கிறதா? பி.காம். மூளைக்கு ஒன்று தோன்றுகிறது.

நம் ஊரில் சீட்டு நடத்துகிறவருக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1982-ம் வருடச் சட்டம். பத்து லட்ச ரூபாய்ச் சீட்டு ஆரம்பிக்க வேண்டுமானால், முதலில் அதே பத்து லட்சத்துக்கு ஜாமீன் காட்ட வேண்டும். அப்புறம்தான் ஆள் சேர்க்கலாம். சீட்டுக்காரர் ஓடிவிட்டால்? ஜாமீன் ஓடாது.

கிளப்புக்கும் இதையே வைத்தால் என்ன? ஆட்டக்காரர்களோடு என்ன சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களோ, அந்த ஒரு சீசன் தொகையை முழுசாக பாங்க்கில் டெபாசிட் கட்டிவிட்டு ரசீதோடு வாருங்கள். அப்புறம் பந்தை உதைக்கலாம். பெரிய நட்சத்திரத்தைக் கூட்டிவர ஆசையா? தாராளமாக. டெபாசிட்டும் பெரிசாகும். இதில் நல்ல காரியம் இரண்டு நடக்கும். கையில் இல்லாத பணத்தை நம்பிச் சம்பளம் ஏற்றும் போட்டி தானாகக் குறையும். உரிமையாளர் மனசு மாறினாலும், டி.வி.க்காரர் கைவிட்டாலும், கோல்கீப்பர் வீட்டு வாடகை அந்த சீசன் முடியும்வரை நிற்காது.

லாபம்? அதை மறந்துவிடுங்கள். கோயில் உண்டியலில் போட்ட பணத்துக்கு வட்டி கேட்பதில்லை இல்லையா?

ஆக, தீர்ப்பு இதுதான். கால்பந்து கிளப் வைத்து லாபம் பார்க்க முடியுமா? விற்கும் நாளில் முடியலாம். வைத்திருக்கும் நாளில் அபூர்வம். நூறு கோடி இருந்தால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் பரிவட்டத்தைத் தலையில் கட்டிக்கொள்வதற்கு முன்னால் பையன்கள் சம்பளத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சப் பணத்தில் நிம்மதியாக நஷ்டப்படலாம்.

பூண்டி யுனைடெடுக்கும் அதே நிபந்தனைதான். டெபாசிட்டுக்கு 44 லட்சம் வேண்டும். பங்கு சேர விருப்பமுள்ளவர்கள் எழுதலாம். டிவிடெண்ட் பணமாகக் கிடையாது. வருடத்துக்கு இரண்டு கிலோ மலைப்பூண்டு நிச்சயம்.